சுவரில் ஒட்டிய உணரி: ஜெர்மானியக் கட்டடங்கள் தம் காற்றை அளக்கும் முறை

வெப்பமூட்டும் அல்லது குளிரூட்டும் சாதனங்களின் திறன் 290 கிலோவாட்டைத் தாண்டுகிற அலுவலகங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், வணிக வளாகங்கள் முதலிய குடியிருப்பல்லாத கட்டடங்கள் யாவும் 2024 டிசம்பர் 31-ஆம் நாளுக்குள் தன்னியக்கக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பெற்றிருக்க வேண்டும் என்று ஜெர்மனியின் கட்டட ஆற்றல் சட்டம் தன் 71ஏ பிரிவில் கட்டளையிடுகிறது. கட்டடத் தன்னியக்கம் என்பது, ஒரு கட்டடம் தன் அறைகளின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் தரம், வெளிச்சம் ஆகியவற்றைத் தானே அளந்து, அந்த அளவுகளுக்கு ஏற்பக் கொதிகலனையும் காற்றோட்ட விசிறிகளையும் வெயில் மறைப்புகளையும் விளக்குகளையும் மனிதர் கை படாமலே கூட்டியும் குறைத்தும் நடத்திக்கொள்ளும் ஏற்பாடாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்தி வெளியிட்ட கட்டட ஆற்றல் நெறிமுறை, இந்த எல்லையை 2029-ஆம் ஆண்டின் இறுதிக்குள் 70 கிலோவாட்டாகத் தாழ்த்துவதோடு, இத்தகைய அமைப்புகள் ஆற்றல் செலவை மட்டுமன்றி உள்ளகச் சூழலின் தரத்தையும் கண்காணிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பெரிய கட்டடங்களுக்கு மட்டும் உரியதாயிருந்த ஒரு கடமை, இவ்வாறு நடுத்தர அளவிலான பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வந்து சேர்கிறது.

எந்தக் கட்டுப்பாட்டுக்கும் முன்னோடி அளவீடு. அளவீட்டைச் செய்யும் கருவிக்கு உணரி என்று பெயர். சென்சார் என்று வழக்கில் சொல்லப்படும் இக்கருவி கைக்குள் அடங்கும் சிறு பெட்டிதான் என்றாலும், அதை ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடத்தில், ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான அறைகளில் பொருத்துவது எளிதன்று. ஜெர்மனி இச்சிக்கலுக்குக் கண்ட விடைகளில் ஒன்று கம்பியில்லா உணரி. அதிலும் மின்கலம்கூட இல்லாத உணரி. ஆனால் கருவியைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதையும், அதை எங்கே பொருத்துவது, அது தரும் எண்ணை எந்த முடிவோடு இணைப்பது என்ற இரண்டு கேள்விகளில்தான் அதன் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதையும் அந்நாட்டின் அனுபவம் காட்டுகிறது.

பெட்டன்கோஃபரின் எண்

அறைக்காற்றை எண்ணால் அளக்கும் வழக்கம் ஜெர்மனியில் மின்னணுவியலுக்கு வெகுகாலம் முந்தியது. மியூனிக் நகரில் வாழ்ந்த மாக்ஸ் ஃபொன் பெட்டன்கோஃபர் (1818–1901) குடியிருப்புகளில் காற்று மாறுவது குறித்துத் தாம் செய்த ஆய்வுகளை 1858-இல் வெளியிட்டார். மக்கள் கூடியிருக்கும் அறையின் காற்றைக் கெடுப்பது அவர்களுடைய மூச்சிலும் உடலிலும் இருந்து வெளியேறும் பலவகை ஆவிகளே என்றும், அவற்றைத் தனித்தனியே அளக்க இயலாததால் அவற்றோடு சேர்ந்தே பெருகுகிற கார்பன் டை ஆக்சைடை ஓர் அடையாளமாகக் கொள்ளலாம் என்றும் அவர் வாதிட்டார். பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலில் காற்றைச் செலுத்தி அந்த வாயுவின் அளவைக் கணக்கிட்ட அவர், தங்கி வாழும் அறையில் அது ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தார். பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு, அதாவது 1000 பிபிஎம் என இன்று எழுதப்படும் இந்த எல்லை, பெட்டன்கோஃபர் எண் என்ற பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. 1885-இல் அப்போது பெர்லினுக்கு அருகில் இருந்த சார்லட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் ஹெர்மன் ரீட்ஷெல் என்பவருக்காக வெப்பமூட்டலுக்கும் காற்றோட்டத்துக்கும் எனத் தனிப் பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டபோது, காற்றைப் பற்றிய அக்கறை மருத்துவத்திலிருந்து பொறியியலுக்கும் பரவியது.

ஜெர்மானியக் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமையுடன் இணைந்து செயல்படும் வல்லுநர் குழு 2008-இல் வகுத்த வழிகாட்டி அளவுகள் அந்தப் பழைய எண்ணையே தொடக்கப் புள்ளியாகக் கொண்டன. அவற்றின்படி 1000 பிபிஎம்முக்குக் கீழ் உள்ள காற்று கவலைக்குரியதன்று. 1000 முதல் 2000 வரை கவனிக்கத்தக்கது, எனவே காற்றை மாற்ற வேண்டும். 2000-க்கு மேல் ஏற்கத்தகாதது. திறந்த வெளியில் இந்த வாயுவின் அளவு இப்போது 420 பிபிஎம்மைக் கடந்துவிட்டது என்பதையும், சன்னல்கள் மூடிய வகுப்பறையில் ஒரு பாடவேளை முடிவதற்குள்ளேயே 1000-ஐத் தாண்டிவிடக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இவ்வெல்லைகளின் பொருள் விளங்கும். கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டில் வகுப்பறைச் சன்னல்களை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில நிமிடங்கள் முழுவதும் திறந்து வைக்குமாறு அதே முகமை பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தபோது, பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் காற்றின் நிலையைக் காட்டும் சிறு அளவுகருவிகள் ஜெர்மானியப் பள்ளிகளில் பரவலாக இடம்பெற்றன.

காற்றுப் புகாத வீடும் பூஞ்சையும்

அளவீட்டுக்கான தேவையை வேறொரு திசையிலிருந்து பெருக்கியது ஆற்றல் சிக்கனம். எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து 1977-இல் வந்த வெப்பக் காப்பு ஆணையிலிருந்து படிப்படியாக இறுகிய விதிகள், சுவர்களுக்கு வெளியே காப்புப் பலகைகளையும், சட்டங்களில் அடைப்பு நாடாக்களோடு கூடிய இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களையும் வழக்கமாக்கின. பழைய வீடுகளில் சன்னல் இடுக்குகளின் வழியே தானாக நடந்துவந்த காற்று மாற்றம் இதனால் நின்றுபோயிற்று. சமையல், குளியல், மூச்சு ஆகியவற்றால் எழும் நீராவி உள்ளேயே தங்கத் தொடங்கியது.

குளிர்காலத்தில் இதன் விளைவு சுவரின் மூலைகளில் தெரியும். ஒப்பு ஈரப்பதம் என்பது, ஒரு வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய முழு நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் இருக்கிறது என்பதைக் குறிக்கும். அறைக்காற்று 20 டிகிரி செல்சியசும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உடையதாக இருக்கும்போது, சுவரின் உட்பரப்பு 12.6 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டால் அதை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டை எட்டும். பூஞ்சை வளர அதுவே போதும், நீர்த்துளி படிய வேண்டும் என்பதில்லை. ஜெர்மானியத் தரநிலையான டின் 4108 இந்த 12.6 டிகிரியையே உட்பரப்புக்குரிய குறைந்தபட்ச அளவாகக் கொண்டு கட்டடங்களை வடிவமைக்கச் சொல்கிறது. ஆகவே வெப்பநிலையை மட்டும் காட்டும் ஒரு கருவி ஜெர்மானிய வீட்டுக்குப் பாதி உண்மையையே சொல்லும். வெப்பநிலை, ஈரப்பதம், கார்பன் டை ஆக்சைடு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சன்னலைத் திறப்பதா, வெப்பத்தைக் கூட்டுவதா என்ற முடிவுக்கு வர முடியும்.

கம்பியிலிருந்து அலைக்கு

கட்டடத் தன்னியக்கத்தின் முதல் தலைமுறை கம்பியை நம்பியிருந்தது. சீமென்ஸ், கீரா, யுங், பெர்கர், மெர்ட்டன் ஆகிய ஜெர்மானிய மின்சாதன நிறுவனங்கள் 1990-இல் கூடி உருவாக்கிய இஐபி என்னும் பொது இணைப்பு முறை, பின்னர் கேஎன்எக்ஸ் என்ற பெயரில் உலகத் தரநிலையாயிற்று. இதில் சுவிட்சுகள், உணரிகள், விளக்குகள், வால்வுகள் ஆகிய எல்லாம் மெல்லிய இரட்டைக் கம்பி ஒன்றின் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். புதிதாகக் கட்டும்போது இந்த முறை உறுதியானது, நெடுங்காலம் உழைக்கக்கூடியது. ஆனால் நூறாண்டு பழைய செங்கல் கட்டடத்திலோ, சுவரைத் தொடவே அனுமதி பெற வேண்டிய மரபுச் சின்னத்திலோ, வாடகைக்கு எடுத்த அலுவலகத்திலோ ஒவ்வோர் அறைக்கும் சுவரைக் குடைந்து கம்பி இழுப்பதற்கு ஆகும் செலவு, கருவியின் விலையைப் பன்மடங்கு மிஞ்சிவிடும்.

வானொலி அலையால் தகவலை அனுப்பினால் கம்பி வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தடையாக நின்றது மின்கலம். ஆயிரம் உணரிகள் உள்ள கட்டடத்தில் ஒவ்வொன்றுக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்கலம் மாற்ற வேண்டும் என்றால், கட்டடப் பராமரிப்பாளர் ஆண்டு முழுவதும் ஏணியோடு அலைய நேரும். அவர் ஓய்ந்துவிட்டால் உணரிகள் ஒவ்வொன்றாக மௌனமாகிவிடும். இந்தத் தடையை உடைக்க முயன்றவர்கள் சீமென்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவிலிருந்து பிரிந்து 2001-இல் மியூனிக்கை அடுத்த ஓபர்ஹாகிங்கில் என்ஓஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். சுற்றுப்புறத்தில் வீணாகிற சிறு ஆற்றலைத் திரட்டிக் கருவியை இயக்குவது என்ற, ஆற்றல் அறுவடை எனப்படும் கொள்கையே அவர்களுடைய முதலீடு. பல நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழியில் பேச வேண்டும் என்பதற்காக 2008-இல் என்ஓஷன் கூட்டமைப்பு அமைந்தது. இவர்களுடைய கம்பியில்லா முறை 2012-இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 14543-3-10 என்ற பன்னாட்டுத் தரநிலையாக ஏற்கப்பட்டது.

துளி ஆற்றலில் ஒரு செய்தி

இவ்வகைக் கருவிகள் மூன்று வழிகளில் ஆற்றலைப் பெறுகின்றன. சுவிட்சுக்குள் இருக்கும் சிறு காந்தமும் கம்பிச்சுருளும், சைக்கிள் டைனமோவைப் போலவே, விரல் அழுத்தும் அசைவை மின்சாரமாக மாற்றுகின்றன. வெப்பநிலை, ஈரப்பத உணரிகளின் முகப்பில் உள்ள சிறு சூரியமின் தகடு அறை விளக்கின் ஒளியிலேயே இயங்கி, பகலில் மிஞ்சிய மின்சாரத்தை உள்ளே இருக்கும் மின்தேக்கியில் சேர்த்து இரவுக்கு வைக்கிறது. வெப்பமூட்டிகளின் வால்வுகளிலோ, சூடான குழாய்க்கும் அறைக்காற்றுக்கும் உள்ள சில டிகிரி வேறுபாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கப்படுகிறது. பெர்லினைச் சேர்ந்த கீபாக் உண்ட் பீட்டர் நிறுவனம் பின்னிரு வழிகளையும் இணைத்து, ஒளியில் இயங்கும் அறை உணரியும் வெப்பத்தில் இயங்கும் வால்வும் கொண்ட ஒரு தொகுப்பை உருவாக்கியது. அறையில் ஆட்கள் வந்துபோகும் நேரத்தைத் தானே கற்றுக்கொண்டு, யாரும் இல்லாத வேளையில் அது வெப்பத்தைக் குறைத்துவிடும்.

ஒரு சுவிட்சு அழுத்தத்தில் தொடக்க காலக் கருவிகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 50 மைக்ரோவாட்-வினாடி மட்டுமே; ஒரு வாட் விளக்கு ஒரு வினாடி எரியச் செலவாகும் ஆற்றலில் இது இருபதாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய ஆற்றலில் செய்தி அனுப்ப முடிவதற்குக் காரணம், செய்தி மிகமிகக் குறுகியது என்பதே. கருவியின் அடையாள எண்ணும் சில அளவீட்டு எண்களும் மட்டும் கொண்ட ஒரு செய்தி, வினாடிக்கு 125 கிலோபிட் வேகத்தில் ஒரு மில்லி வினாடிக்குள் அனுப்பி முடிக்கப்படுகிறது. அது வழியில் மற்றொரு கருவியின் செய்தியோடு மோதிச் சிதையக்கூடும் என்பதால், அதே செய்தி சில பத்து மில்லி வினாடிகளுக்குள், ஒழுங்கற்ற இடைவெளிகளில், மூன்று முறை அனுப்பப்படுகிறது. மூன்றில் ஒன்று போய்ச் சேர்ந்தாலே போதும். மற்ற நேரம் முழுவதும் கருவி உறங்குகிறது. வழக்கமான ஒரு வெப்பநிலை உணரி நூறு வினாடிக்கு ஒருமுறை விழித்து அளந்து, மாற்றம் பெரிதாக இருந்தால் உடனேயும், இல்லாவிட்டால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியிலும் செய்தி அனுப்பும்.

ஐரோப்பாவில் இச்செய்திகள் 868.3 மெகாஹெர்ட்ஸ் அலையில் பயணிக்கின்றன. உரிமம் பெறாமலே எவரும் பயன்படுத்தக்கூடிய இந்தப் பட்டையில், அனுப்பும் திறன் 25 மில்லிவாட்டுக்கு மிகாமலும், ஒரு கருவி அலையில் பேசும் நேரம் ஒரு மணியில் ஒரு விழுக்காட்டுக்கு, அதாவது 36 வினாடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. யாரும் நெடுநேரம் பேசி அலையை அடைத்துவிடக் கூடாது என்பதற்கான இந்த விதி, சுருங்கப் பேசும் உணரிகளுக்கு அனுகூலமாகவே அமைந்துவிட்டது. வைஃபை நெரிசல் மிகுந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோடு ஒப்பிட்டால், இந்தத் தாழ்ந்த அலை சுவர்களை எளிதாக ஊடுருவும் என்பது மற்றொரு நன்மை. ஜெர்மனியின் லேர் நகரைச் சேர்ந்த இக்யூ-3 நிறுவனத்தின் ஹோம்மேட்டிக் வீட்டுக் கருவிகளும், அடுக்குமாடிகளில் வெப்பச் செலவைத் தொலைவிலிருந்து படிக்கும் அளவிகளும் இதே 868 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் இயங்குகின்றன.

பெட்டிக்குள் இருப்பவை

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் பகுதி இன்று ஒரு சிலிக்கான் சில்லில் அடங்கிவிட்டது. ஜெர்மனியின் பாஷ் சென்சார்டெக் நிறுவனம் தயாரிக்கும் பிஎம்இ280 என்ற சில்லு, இரண்டரை மில்லி மீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்குள் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகிய மூன்றையும் அளக்கிறது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய படலத்தின் மின்தேக்கும் தன்மை மாறுவதைக் கொண்டே இத்தகைய சில்லுகள் ஈரப்பதத்தை அறிகின்றன; அளவீடு உண்மையிலிருந்து மூன்று விழுக்காடு அளவுக்கு விலகுவது இயல்பு. ஆகையால் திரையில் தெரியும் தசமப் புள்ளிக்குப் பிந்தைய இலக்கத்தை நம்பி ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

கார்பன் டை ஆக்சைடை அளப்பது இதைவிடக் கடினம். அந்த வாயு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை விழுங்கும் இயல்புடையது. ஆதலால் ஒரு சிறு குழலின் ஒரு முனையில் ஒளியைச் செலுத்தி, மறுமுனையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்து வாயுவின் அளவு கணக்கிடப்படுகிறது. இதற்கு ஒளிமூலத்தைத் தூண்ட வேண்டியிருப்பதால் ஆற்றல் தேவை கூடுதல். எனவே இவ்வகை உணரிகள் பெரும்பாலும் மின்னிணைப்பையோ மின்கலத்தையோ நாடுகின்றன. மேலும், ஒளிமூலம் நாளடைவில் மங்குவதால் அளவீடு சிறிது சிறிதாக விலகும். அதைச் சரிசெய்ய, சில நாள்களில் பதிவான மிகத் தாழ்ந்த அளவை வெளிக்காற்றின் அளவாகக் கருதித் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு பல கருவிகளில் உண்டு. இரவில் ஆளற்றுப்போகும் அலுவலகத்துக்கு இது பொருந்தும். இருபத்துநான்கு மணி நேரமும் ஆட்கள் இருக்கும் மருத்துவமனைக் கூடத்திலோ, இரவுப் பணி நடக்கும் நிறுவனத்திலோ இதே ஏற்பாடு கெட்ட காற்றையே நல்ல காற்று என்று கருவிக்குக் கற்பித்துவிடும். அத்தகைய இடங்களில் இந்த வசதியை நிறுத்திவிட்டு, குறித்த காலத்தில் வெளிக்காற்றில் வைத்து நேரடியாகத் திருத்துவதே முறை.

பொருத்தும் கலை

உணரியின் இடத்தைத் தேர்வதில் ஏற்படும் பிழையை எந்த மென்பொருளாலும் முழுவதும் ஈடுசெய்ய முடியாது. உட்சுவரில், அமர்ந்திருப்பவரின் தலைமட்டத்திலிருந்து நிற்பவரின் நெஞ்சுமட்டம் வரையிலான உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டருக்குள் அதைப் பொருத்துவது வழக்கம். வெயில் படும் இடம், வெப்பமூட்டிக்கு மேல்புறம், கதவின் பின்புறம், காற்று வந்து வீசும் துவாரத்தின் எதிர்ப்புறம், குளிர்ந்த வெளிச்சுவர், அலமாரிகளுக்கு இடைப்பட்ட மூலை ஆகிய அனைத்தும் விலக்கத்தக்கவை. ஏனெனில் அங்கெல்லாம் உணரி அந்த மூலையின் நிலையைச் சொல்லுமேயன்றி அறையின் நிலையைச் சொல்லாது. ஒளியில் இயங்கும் உணரிக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு: நாளில் சில மணி நேரமாவது 200 லக்ஸ் அளவு வெளிச்சம் அதன் முகத்தில் விழ வேண்டும். நேரடி வெயிலும் ஆகாது, இருட்டும் ஆகாது என்ற இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையில் ஓரிடத்தைக் காண்பதே பொருத்துநரின் திறமை.

அடுத்தது அலையின் பாதை. என்ஓஷன் முறைக்கான திட்டமிடல் குறிப்புகள், தடையற்ற நடைபாதையில் ஏறக்குறைய 30 மீட்டர், ஜிப்சம் பலகை அல்லது மரத் தடுப்புகளின் வழியே ஐந்து சுவர்கள் வரை 30 மீட்டர், செங்கற்சுவர்களின் வழியே மூன்று சுவர்கள் வரை 20 மீட்டர், கம்பி பதித்த கான்கிரீட்டில் ஒரே ஒரு சுவருடன் 10 மீட்டர் என்ற கணக்கைத் தருகின்றன. உலோகம் அலையை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். மின்தூக்கிக் கூடு, இரும்புக் கதவு, அலுமினியத் தாள் ஒட்டிய காப்புப் பலகை, வெள்ளிப் படலம் பூசிய வெப்பக் காப்புக் கண்ணாடி ஆகியவற்றின் பின்னால் நிழல் விழுவதுபோல் அலையற்ற பகுதி உண்டாகும். சுவரை நேராகக் கடக்கும் அலையைவிடச் சாய்வாகக் கடக்கும் அலைக்குச் சுவரின் தடிப்பு கூடுவதால், செய்தியைப் பெறும் கருவியைக் கட்டடத்தின் ஓரத்தில் வைக்காமல் நடுப்பகுதியில் வைப்பது நன்று. வரைபடத்தில் ஒவ்வொரு பெறும் கருவியைச் சுற்றியும் வட்டம் வரைந்து திட்டமிட்ட பின்னரும், கையடக்க அலைவலிமை அளவியோடு அறை அறையாகச் சென்று சரிபார்த்த பிறகே உணரிகளை நிலையாக ஒட்டுவது தொழில் அறிந்தவர்களின் நடைமுறை. அறையில் மரச்சாமான்களும் ஆட்களும் வந்து சேர்ந்த பின் அலை மேலும் தளரும் என்பதால், வெற்று அறையில் கிடைத்த வலிமையில் ஒரு பகுதியை இருப்பாக விட்டுவைக்க வேண்டும்.

இடம் உறுதியானதும் உணரியையும் பெறும் கருவியையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைக்க வேண்டும். பெறும் கருவியைக் கற்கும் நிலையில் வைத்து உணரியின் பொத்தானை அழுத்தினால், உணரி தன் அடையாள எண்ணையும் தான் பேசும் மொழியின் குறியீட்டையும் அனுப்பும். இந்தக் குறியீட்டுக்குக் கருவி விவரக்குறிப்பு என்று பெயர். எடுத்துக்காட்டாக, ஏ5-04-01 என்ற குறிப்பு வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் உணரியைக் குறிக்கும். அதில் 0 முதல் 250 வரையிலான ஓர் எண், 0 முதல் 40 டிகிரி வரையிலான வெப்பநிலையாகப் பெயர்க்கப்படும். ஏ5-09-04 என்பது அவ்விரண்டோடு கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துத் தரும். தவறான குறிப்பைத் தேர்ந்தால் செய்தி வந்து சேரும், ஆனால் அதன் பொருள் பிறழ்ந்துவிடும். வெளிப்பார்வைக்கு எல்லாம் இயங்குவதுபோல் தோன்றும் என்பதால் இப்பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். எந்த அறையில், எந்தச் சுவரில், எந்த எண்ணுடைய உணரி உள்ளது என்ற பட்டியலை அப்போதே எழுதி வைக்காத கட்டடத்தில், சில ஆண்டுகள் கழித்து ஓர் உணரி பழுதானால் அதைத் தேடுவதே பெரும் வேலையாகிவிடும்.

அலையில் வந்த செய்தியைக் கட்டடத்தின் மைய அமைப்புக்கு மாற்றித் தருவது கேட்வே எனப்படும் இணைப்புக் கருவி. ஒருபுறம் உணரிகளின் மொழியையும், மறுபுறம் கேஎன்எக்ஸ் அல்லது பேக்நெட் மொழியையும் அது அறிந்திருக்கும். அமெரிக்காவில் 1995-இல் தரநிலையான பேக்நெட், வெவ்வேறு நிறுவனங்களின் குளிரூட்டி, கொதிகலன், மின்தூக்கி முதலியவை ஒரே மையத்தோடு பேச உதவும் பொதுமொழியாக ஜெர்மனியின் பெரிய கட்டடங்களில் நிலைபெற்றுள்ளது. கட்டட ஆற்றல் சட்டம், தன்னியக்க அமைப்பு ஒரே நிறுவனத்தின் கருவிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கக் கூடாது, பிற நிறுவனங்களின் கருவிகளோடும் தொடர்புகொள்ள வேண்டும் என்று வலியுறுத்துவதால் இத்தகைய திறந்த மொழிகளுக்கு மதிப்புக் கூடியுள்ளது.

எண்ணிலிருந்து செயலுக்கு

அளந்த எண் திரையில் வண்ணக் கோடாக ஓடுவதால் மட்டும் ஒரு யூனிட் ஆற்றல்கூட மிச்சமாவதில்லை. கட்டடத் தன்னியக்கத்தை ஏ முதல் டி வரை நான்கு தகுதிகளாகப் பிரித்த ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 15232, இதைக் கணக்காகவே காட்டியது. வழக்கமான கட்டுப்பாடு கொண்ட சி தகுதி அலுவலகத்தின் வெப்ப ஆற்றல் தேவையை 1 எனக் கொண்டால், கட்டுப்பாடு இல்லாத டி தகுதிக்கு அது 1.51 ஆகிறது, அறைதோறும் தேவையறிந்து இயங்கும் ஏ தகுதிக்கு 0.70 ஆகக் குறைகிறது. பள்ளிகளுக்கு இந்த எண்கள் முறையே 1.20, 0.80. ஒரே சுவர், ஒரே கொதிகலன், ஒரே கண்ணாடி இருக்க, கட்டுப்படுத்தும் முறை மட்டும் மாறினாலே இத்தனை வேறுபாடு ஏற்படுகிறது. ரஷ்ய எரிவாயு தடைப்பட்ட 2022-ஆம் ஆண்டில், பொது அலுவலகப் பணியறைகளை 19 டிகிரிக்கு மேல் வெப்பமூட்டக் கூடாது என்ற ஆணை செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அறைதோறும் அளவீடு உள்ள கட்டடமே அதை முறையாகக் கடைப்பிடிக்கவும் மெய்ப்பிக்கவும் வல்லதாயிருந்தது.

செயலுக்கான விதியை எழுதுவதிலும் கவனம் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு 1000-ஐத் தொட்டால் விசிறி ஓடட்டும், 999-க்கு இறங்கினால் நிற்கட்டும் என்று எழுதினால் விசிறி நிமிடத்துக்கு நிமிடம் ஓடி நிற்கும். எனவே 1000-இல் தொடங்கி 800-இல் நிற்கும்படி இடைவெளி விடப்படுகிறது, அல்லது விசிறியின் வேகம் அளவுக்கேற்பப் படிப்படியாகக் கூட்டப்படுகிறது. சன்னல் திறந்திருப்பதை அதன் சட்டத்தில் உள்ள உணரி சொன்னவுடன் அந்த அறையின் வெப்பமூட்டி அடங்க வேண்டும். ஓர் உணரியிடமிருந்து குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால், கடைசியாக வந்த பழைய எண்ணையே நம்பி இயங்காமல், பாதுகாப்பான ஒரு நிலைக்கு மாறிப் பராமரிப்பாளருக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும். கம்பி அறுந்தால் உடனே தெரியும். அலையில் பேசும் கருவி மௌனமானால் யாராவது கணக்கு வைத்திருந்தால்தான் தெரியும்.

காற்றை அளப்பதும் ஆளை அளப்பதும்

காற்றின் அளவீடு மனிதரைப் பற்றியும் பேசும் என்பதை ஜெர்மானியர்கள் தொடக்கத்திலேயே கவனித்தனர். ஒருவர் மட்டும் அமரும் அறையில் கார்பன் டை ஆக்சைடு எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று பார்த்தால் அவர் வந்த நேரமும் எழுந்துபோன நேரமும் தெரிந்துவிடும். ஊழியரின் நடத்தையைக் கண்காணிக்க வல்ல எந்தத் தொழில்நுட்பக் கருவியையும் நிறுவுவதில் ஊழியர் குழுவுக்கு இணைமுடிவு உரிமை உண்டு என்று ஜெர்மனியின் நிறுவன அமைப்புச் சட்டம் 87-ஆம் பிரிவில் கூறுகிறது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளும், தேவைக்கு மிஞ்சிய தரவைத் திரட்டாமலும், தேவைக்கு மிஞ்சிய காலம் வைத்திராமலும் இருக்கக் கட்டாயப்படுத்துகின்றன. ஆதலால் நுண்ணிய அளவீடுகளைக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, சேமிக்கும்போது தளம் முழுவதற்குமான சராசரியை மட்டும் வைத்துக்கொள்வது போன்ற உடன்பாடுகள், உணரியை ஒட்டுவதற்கு முன்னரே செய்யப்பட வேண்டியவை. அலையில் செல்லும் செய்தியை வெளியாள் கேட்கவோ போலியாக அனுப்பவோ கூடாது என்பதற்காக, 128 பிட் ஏஇஎஸ் மறையாக்கமும் ஒவ்வொரு செய்திக்கும் மாறும் வரிசை எண்ணும் என்ஓஷன் முறையில் சேர்க்கப்பட்டுள்ளன. கட்டடத்தின் கதவுகளோடும் எச்சரிக்கை மணிகளோடும் தொடர்புடைய கருவிகளில் இவற்றை இயக்கி வைப்பது இன்றியமையாதது.

தமிழகத்துக்குப் பொருந்துவதும் பொருந்தாததும்

ஜெர்மனியின் கருவிகளை அப்படியே தமிழகத்துக்குக் கொண்டுவர இயலாது. இந்த அலைகளின் வட்டாரத்தில் இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த ஒதுக்கப்பட்ட பட்டை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது, ஐரோப்பாவின் 868.3 அதற்கு வெளியே விழுகிறது. எனவே இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஐரோப்பியக் கருவிகளை வரவழைப்பதற்கு முன் அவற்றின் அலையெண்ணைப் பார்ப்பது கட்டாயம். கட்டடமும் வேறு: கம்பி பதித்த கான்கிரீட் தளங்களும் தூண்களும் மிகுந்த இங்கே அலை செல்லும் தொலைவு குறைவாக இருக்கும் என்று கொண்டே திட்டமிட வேண்டும். சிக்கலும் வேறு: அங்கே குளிர்ந்த சுவரில் படியும் ஈரம் கவலை, இங்கே கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றும், அதைத் தடுக்க மூடப்படும் குளிரூட்டப்பட்ட அறைகளுமே கவலை.

ஆனால் பெட்டன்கோஃபரின் எண் எல்லா ஊருக்கும் பொது. வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் பயிற்சி மையங்களிலும் பொருத்தப்படும் ஸ்பிளிட் வகைக் குளிரூட்டி, அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறதே தவிர வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. கதவும் சன்னலும் மூடிய அத்தகைய அறையில் நாற்பது மாணவர்கள் அமர்ந்திருந்தால் காற்று குளிர்ந்திருக்கும், ஆனால் நல்லதாக இராது. அறையில் நுழைபவருக்குக் குளிர்ச்சி தெரிகிறது, கார்பன் டை ஆக்சைடு தெரிவதில்லை என்பதால்தான் இங்கே அளவீடு இன்னும் அவசியமாகிறது.

ஆகவே உணரி வாங்க முன்வரும் பள்ளி நிர்வாகமும் மருத்துவமனையும் நிறுவனமும், எத்தனை உணரிகள், என்ன விலை என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்வது நல்லது: எந்த அளவு எந்த எல்லையைத் தாண்டினால் என்ன செய்யப்படும், அதைச் செய்வதற்குத் திறக்கக்கூடிய சன்னலோ, வெளிக்காற்றைக் கொணரும் விசிறியோ அறையில் இருக்கிறதா, உணரி மௌனமானால் அதை யார் கவனிப்பார்? இந்த மூன்றுக்கும் விடை இருந்தால் சில ஆயிரம் ரூபாய்க் கருவியே ஒரு கட்டடத்தின் காற்றைத் திருத்திவிடும். விடை இல்லாவிட்டால் விலையுயர்ந்த அமைப்பும் சுவரில் ஒட்டிய அலங்காரமாகவே முடியும்.